இலங்கையில் முதலாம் தரப் பிள்ளைகளுக்கான பாடசாலை மருத்துவப் பரிசோதனை: என்னென்ன நடக்கும், நான் எப்படி ஆயத்தமாக வேண்டும்?

கேள்வி: அன்புவழிபுரம் தாய்

வணக்கம். எங்கள் மகள் இந்த வருடம் முதலாம் தரத்தில் சேர்ந்தாள். ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதிக்கு இரண்டு கிழமை முந்திப் பிறந்தவள் என்பதால், வகுப்பில் வயதிலும் உருவத்திலும் அவள்தான் சிறியவள். நேற்று வகுப்பாசிரியை அவளுடைய கொப்பியில் ஒரு துண்டு ஒட்டி அனுப்பியிருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து மருத்துவப் பரிசோதனைக்கு வருகிறார்கள், தாயோ தந்தையோ பிள்ளையின் கிளினிக் கொப்பியுடன் காலை எட்டரை மணிக்கு மண்டபத்துக்கு வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கணவர் கடலுக்குப் போகிறவர், ஆகவே நான்தான் போக வேண்டும். இவள் எங்கள் மூத்த பிள்ளை என்பதால் இந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

என் மனதில் உள்ள பயங்களை ஒளிக்காமல் எழுதுகிறேன். மகள் மெலிந்தவள். கிளினிக்கில் கடைசியாக நிறுத்தபோது 15 கிலோ இருந்தாள். 'ர' அவளுக்கு வராது, ரோசாப்பூவை லோசாப்பூ என்பாள். வீட்டார் எங்களுக்கு அவள் பேச்சு விளங்குகிறது, ஆனால் கடைக்காரருக்கு விளங்குவதில்லை. சில வேளைகளில் இரண்டு மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்க்கிறாள். ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை, அங்கே பாடசாலை தொடங்குமுன் பிள்ளையை மனித உருவம் கீறச் சொன்னார்கள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள், சரியாகச் செய்யாத பிள்ளைகள் சிலரை ஒரு வருடம் பொறுத்து வரும்படி சொல்லிவிட்டார்கள் என்று தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இங்கேயும் அப்படி ஏதும் நடக்குமா? ஊசி போடுவார்களா? எல்லோர் முன்னிலையிலும் உடுப்பைக் கழற்றச் சொல்வார்களா?

இன்னொன்றும் உண்டு. பேச்சு, காது விஷயங்களை டாக்டரிடம் சொல்லாதே, ஒரு தடவை கொப்பியில் எழுதிவிட்டால் பள்ளிக்கூடம் முடியும்வரை அது பிள்ளையைத் தொடரும், பெண் பிள்ளை என்பதை மறந்துவிடாதே என்று மாமி சொல்கிறார். அவர் சொல்வதை என்னால் முழுமையாகத் தள்ளவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதுவீர்களா?

பதில்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

மகள், நீங்கள் இவ்வளவு திறந்து எழுதியதற்கு முதலில் நன்றி. நான் திருகோணமலை மாவட்டத்தில் பல வருடங்கள் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள். ஊரில் எங்களை மிட்வைஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். பாடசாலைப் பரிசோதனை நாட்களில் தாய்மாரின் முகத்தில் தெரியும் பயத்தை நன்றாக அறிவேன். அந்தப் பயத்தில் பெரும் பகுதி, இதை ஒரு பரீட்சை என்று நினைப்பதால் வருகிறது. இதில் சித்தியும் இல்லை, தவறுதலும் இல்லை. உங்கள் மகள் பாடசாலையில் சேர்ந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை என்ன கண்டுபிடித்தாலும் அவளை எவரும் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. இது முழுவதும் இலவசமான சேவை. இருநூறு மாணவர்களுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் 1, 4, 7, 10 ஆகிய தரங்களிலும், அதற்குக் குறைந்த சிறிய பாடசாலைகளில் ஒவ்வொரு வருடமும் எல்லாத் தரங்களிலும் செய்யப்பட வேண்டும் என்பது இதன் ஒழுங்கு. ஆகவே பெரிய பாடசாலையென்றால் இன்று தவறவிட்டது நான்காம் தரத்தில்தான் மறுபடி வைத்தியரின் கண்ணில் படும். மூன்று வருடம் என்பது ஒரு சிறு பிள்ளையின் கண்ணுக்கும் காதுக்கும் மிக நீண்ட காலம்.

நடக்கும் முறையைச் சொல்கிறேன். வைத்தியர் வருமுன்னரே, சில பாடசாலைகளில் அதற்கு முந்திய நாட்களிலும் சிலவற்றில் அன்று காலையிலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆசிரியர்களின் உதவியோடு எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் எடுத்து, கண் பார்வையையும் பார்த்துப் பதிந்துவிடுவார். சப்பாத்தைக் கழற்றி, குதிக்கால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் படும்படி நிற்க வைத்து உயரம் அளப்பார்கள். உச்சியில் பெரிய கொண்டையோ தடித்த பின்னலோ இருந்தால் அளவு பிழைத்துவிடும். எனவே அன்று தலையைத் தாழ்வாக இரட்டைப் பின்னல் போட்டு விடுங்கள்.

கண் பார்வை ஆறு மீற்றர் தூரத்திலிருந்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கப்படும். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு, ஆங்கில 'ஈ' எழுத்தைப் போல மூன்று கால் உள்ள அடையாளத்தை மேலும் கீழும் பக்கங்களுமாகத் திருப்பி அச்சடித்த அட்டை உண்டு. கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பிள்ளை மூன்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். இந்த விளையாட்டு விளங்காமல் வாய் திறக்காது நிற்கும் பிள்ளைக்குப் பார்வை இல்லை என்று பதியப்படுவதும், பின்னர் தாய் கண் கிளினிக்குக்கு அலைவதும் நான் கண்டவை. நீங்கள் இன்றே பழைய சப்பாத்துப் பெட்டியின் அட்டையில் அந்த எழுத்தைக் கறுப்பு மையால் பெரிதாகக் கீறி, விறாந்தையின் ஒரு தலைப்பில் அவளை நிறுத்தி, மறு தலைப்பிலிருந்து திருப்பித் திருப்பிக் காட்டி விளையாடுங்கள். உள்ளங்கையைக் குழித்துக் கண்ணை மூடவும் பழக்குங்கள். விரலால் மூடினால் இடுக்கால் பார்ப்பார்கள், அழுத்தி மூடினால் அந்தக் கண் சற்று நேரம் மங்கிப்போகும்.

அதன் பின் வைத்தியர். கீழ் இமையைத் தாழ்த்தி உட்பக்கம் சிவந்திருக்கிறதா வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பார். நாக்கையும் நகத்தையும் பார்ப்பதும் அதற்காகத்தான், இரத்தச் சோகை அங்கேதான் முதலில் தெரியும். கண்ணில் வாக்கு (மாறுகண்), பல்லில் சொத்தை, தொண்டை, காது, கழுத்தில் கட்டி, தோலில் சொறி சிரங்கு, தலையில் பேன், முதுகு, கால் நடை, வயிறு என்று எல்லாவற்றையும் பார்த்து, குழாய் வைத்து நெஞ்சையும் இதயத்தையும் கேட்பார். நெஞ்சைக் கேட்கச் சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்தால் போதும். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று மறைப்புக்குள் பார்ப்பார்கள். நீங்கள் பக்கத்திலேயே நிற்கலாம், நிற்க வேண்டும் என்று கேட்கலாம்.

இதயத்தில் ஓர் இரைச்சல் கேட்கிறது என்று சொல்லி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தால், அந்த இடத்திலேயே மனம் உடைந்துவிடாதீர்கள். வளரும் பிள்ளைகளின் இதயத்தில் இரத்தம் ஓடும் ஓசை கேட்பது சாதாரணம், அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தக் குறையும் இல்லாதவை. ஆனால் எது குற்றமற்றது, எது குற்றமுள்ளது என்பதைச் சில சமயம் எக்கோ என்னும் இதய ஸ்கான் படம் எடுத்துத்தான் பிரிக்க முடியும். எனவே கடிதத்தைக் கொண்டு கட்டாயம் போங்கள்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். ஐந்து வயதில், தொண்டைக் கரப்பானையும் ஏற்புவலியையும் தடுக்கும் ஒரு டிரி (DT) ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் உண்டு. அவை கிளினிக்கில் கொடுக்கப்பட்டுக் கொப்பியில் பதியப்பட்டிருந்தால் இப்போது வேறு இல்லை. பதிவு இல்லையென்றால் எப்போது எங்கே பெற வேண்டும் என்று சொல்வார்கள். பாடசாலையில் போடும் ஊசி என்று ஊரார் சொல்வது, ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கான கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியையும் ஏழாம் தரத்தில் போடும் ஊசியையும். முதலாம் தரத்தில் பூச்சி மாத்திரை தரலாம். வீட்டில் அண்மையில் கொடுத்திருந்தால் திகதியைச் சொல்லுங்கள்.

இனி மாமி சொன்னது. அவருடைய பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. நம் ஊரில் ஒரு பெண் பிள்ளைக்கு ஒரு பெயர் வந்துவிட்டால் அது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மகள், ஒரு வைத்தியருக்கு அன்று காலை எழுபது எண்பது பிள்ளைகள் இருக்கலாம். உங்கள் மகளுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பது அந்த ஐந்து நிமிடத்தில் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டாது. வைத்தியருக்கு முன்னால் நின்று மெல்லத் தலையாட்டும் பிள்ளை அவருக்கு நல்ல பிள்ளையாகத்தான் தோன்றும். வீட்டில் ஐந்து வருடம் பார்த்தவர் நீங்கள். பேச்சுத் தெளிவில்லாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. தடிமனும் சளியும் அடிக்கடி வரும் பிள்ளைகளுக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தேங்கி, ஓசைகள் மங்கலாக, தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் கேட்கும். கேட்காத எழுத்தைப் பிள்ளை எப்படிச் சொல்வாள்? 'ர' மட்டும் வராவிட்டால் ஐந்து வயதில் பெரிதாக யோசிக்கத் தேவையில்லை, அது பிந்தி வரும் எழுத்து. ஆனால் அந்நியருக்கு அவள் பேச்சு விளங்கவில்லை என்பதும் கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதும் சேர்ந்து வருவதால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இரண்டையும் ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள். அந்த இடத்தின் சத்தத்தில் மறந்துவிடும்.

பதில்: கிண்ணியா உம்மா

தங்கச்சி, மேலே எழுதிய அக்கா சொன்னதற்கு நானே சாட்சி. என்னுடைய மகன் தொலைக்காட்சி பார்க்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சரித்துக்கொண்டு பார்ப்பான். அவனுடைய வாப்பாவும் சிறு வயதில் அப்படித்தான் இருந்தார் என்று மாமி சொன்னதால், அதை ஒரு பழக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். முன்பள்ளிக் காலத்தில் கிளினிக்குக்கு எத்தனையோ தடவை போயும் நான் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. முதலாம் தரத்தில் பார்வை பார்த்தபோது இடக் கண்ணை மூடியதும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனவன், வலக் கண்ணை மூடியதும் கையைத் தட்டிவிட்டு அழத் தொடங்கினான். அடம் பிடிக்கிறான் என்று நான் அவனை எல்லோருக்கும் முன்னால் அதட்டினேன். அந்தப் பரிசோதகர்தான், அதட்ட வேண்டாம், தெரிகிற கண்ணை மூடினால் பிள்ளை இப்படித்தான் அழும் என்று சொன்னார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கண் கிளினிக்கில், இடக் கண்ணுக்குப் பவர் மிக அதிகம், அந்தக் கண்ணிலிருந்து வரும் படம் மங்கல் என்பதால் மூளை அதைத் தள்ளிவிட்டு வலக் கண்ணை மட்டும் நம்பிப் பழகிவிட்டது, இதைச் சோம்பல் கண் என்பார்கள் என்று விளக்கினார்கள். ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் திருத்துவது இலகு, பிந்தப் பிந்தக் கடினம் என்றும் சொன்னார்கள். கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணித்தியாலம் ஒட்டி மூடிவைக்கச் சொன்னார்கள். முதல் மாதம் எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் அழுகைதான். பிறகு சுளகில் பயறைக் கொட்டி, அதற்குள் சிறு கற்களைக் கலந்துவிட்டு, கண்ணை ஒட்டியிருக்கும் நேரத்தில் அவற்றைப் பொறுக்கித் தா என்று கேட்டேன். உம்மாவுக்கு உதவி செய்கிறேன் என்று அந்த நேரத்தைத் தாண்டப் பழகினான். நான்காம் தரப் பரிசோதனையில் அந்தக் கண்ணால் கடைசிக்கு முந்திய வரிவரை காட்டினான். அன்று பள்ளிக்கூட வாசலில் நின்று நான் அழுதேன்.

கொப்பியில் எழுதியது அவனைத் தொடர்ந்தது உண்மைதான். அதைப் பார்த்துத்தான் இரண்டாம் தர ஆசிரியை அவனை முன் வாங்கில் இருத்தினார்.

பதில்: முதலாம் தர ஆசிரியை, உப்புவெளி

நான் பல வருடங்களாக முதலாம் தரத்தில் கற்பிப்பதால் நடைமுறை விஷயங்கள் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். அன்று காலை பிள்ளையைப் பட்டினியாக அனுப்ப வேண்டாம். இரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்துச் சிலர் சாப்பாடு கொடுப்பதில்லை, பிள்ளைகள் வரிசையில் நின்று மயங்குகிறார்கள். "குழப்படி செய்தால் டாக்டர் ஊசி போடுவார்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளை வாயைத் திறக்க மறுப்பதால் அவளுடைய பல்லும் தொண்டையும் பார்க்கப்படாமல் போகின்றன. வலிப்பு, தொய்வு, காய்ச்சலோடு வந்த பிடிப்பு, ஏதாவது உணவோ மருந்தோ ஒத்துக்கொள்ளாமை, முன்னர் செய்த சத்திரசிகிச்சை ஆகியவற்றை மற்றத் தாய்மார் கேட்கச் சொல்ல விருப்பமில்லையென்றால், தனியாகப் பேச வேண்டும் என்று வைத்தியரிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். எங்களிடமும் சொல்லுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் கைகொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

பல்லைப் பற்றி நான் சற்று நீட்டி எழுதப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் வகுப்பில் மற்றெந்த நோயையும்விடப் பிள்ளைகளை வருத்துவது அதுதான். பாற்பல் தானே, விழுந்துவிடும் என்று சொத்தையை அப்படியே விடுகிறார்கள். ஆனால் பின்பக்கத்துப் பாற்கடைவாய்ப் பற்கள் விழுவது பத்து, பன்னிரண்டு வயதில். அதுவரை ஐந்தாறு வருடம் அந்தப் பிள்ளை அந்தப் பல்லால்தான் சாப்பிட வேண்டும். அதைவிட முக்கியம், ஆறு வயதளவில் கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால் ஒரு புதிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் தாய்மார் அதையும் பாற்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதற்குமான நிரந்தரக் கடைவாய்ப் பல். இரவில் உங்கள் மகளை மடியில் படுக்கவைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் வாயின் கடைசி மூலையைப் பாருங்கள். முரசைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளை முனை தெரிந்தால், தூரிகை அங்கே எட்ட வேண்டும். சிறு பிள்ளைகளாக இருக்கும்போது நீங்களே துலக்கிவிடுங்கள். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் மூன்று முதல் பதின்மூன்று வயதுவரையான பிள்ளைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்கிறார்கள், பரிசோதனைக்குக் காத்திருக்கவும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. பரிசோதனை முடிந்து வைத்தியர் தரும் கடிதம் புத்தகப் பைக்குள் போய், சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் ஊறி, அடுத்த தவணையில் என் கைக்கு வருவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அன்றே கையில் வாங்கி, அந்தக் கிளினிக் எந்தக் கிழமைகளில் நடக்கிறது என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில்: உவர்மலையிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர்

தங்கை சொன்னது பொய்யல்ல, ஆனால் அது வேறு நாட்டின் வேறு ஒழுங்கு. இங்கே பாடசாலை தொடங்குமுன், உள்ளூர்ச் சுகாதாரப் பணிமனையின் வைத்தியர் ஒவ்வொரு பிள்ளையையும் பார்ப்பது கட்டாயம். கண், காது, உயரம், நிறை பார்ப்பதோடு, உருவங்களைப் பார்த்துக் கீறுதல், எண்ணுதல், ஒற்றைக் காலில் துள்ளுதல், படத்தைப் பார்த்துப் பேசுதல் என்று பிள்ளையின் வளர்ச்சியையும் பார்க்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் முறை சற்று மாறும். 2020 மார்ச் மாதத்திலிருந்து தட்டம்மைத் தடுப்பூசிக்கு ஆதாரமும் காட்ட வேண்டும். ஆனால் அந்த வைத்தியர்கூடப் பிள்ளையைத் தள்ளிவிடுவதில்லை. இந்தப் பிள்ளைக்கு இன்ன உதவி தேவை என்று சிபாரிசுதான் எழுதுகிறார். என் மகனுக்கு ஜெர்மன் மொழி போதாது என்று எழுதினார்கள். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்வார்களோ என்று பயந்தேன். அவர்களோ வீட்டில் தமிழையே நன்றாகப் பேசுங்கள், ஜெர்மனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மேலதிக மொழி வகுப்புக் கிடைத்தது. திருகோணமலையில் உங்கள் மகளை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லப்போவதில்லை, அதற்காக நித்திரை கெட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: அன்புவழிபுரம் தாய்

எல்லோருக்கும் மிக்க நன்றி. விறாந்தையில் அட்டை விளையாட்டுத் தொடங்கிவிட்டோம். மாமிக்கு கிண்ணியா அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பயறு பொறுக்கும் இடத்தை மறுபடியும் வாசி என்றார்.

ஓய்வுபெற்ற அக்காவிடம் ஒரு கேள்வி. நிறையைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 15 கிலோ, 107 சென்ரிமீற்றர். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை என்று ஏசுவார்களா? உறவினர் ஒருவர் சத்துமா டின் ஒன்று வாங்கச் சொல்கிறார், விலை எங்களுக்குக் கட்டாது.

பதில்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

மறந்துவிட்டேன் மகள், மன்னியுங்கள். நிறையை மட்டும் தனியே பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. நிறையை உயரத்தால் இரண்டு தடவை வகுத்து வரும் எண்ணை வயதோடு ஒப்பிடுவார்கள். 15ஐ 1.07ஆல் வகுத்து, வருவதை மறுபடியும் 1.07ஆல் வகுத்தால் 13.1 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி இந்த வயதுப் பெண் பிள்ளைக்கு நடு அளவு ஏறத்தாழ 15.2, மெலிவு என்று கணிப்பது ஏறத்தாழ 12.7க்குக் கீழே. ஆகவே உங்கள் மகள் மெல்லிய உடம்புக்காரி, ஆனால் கோட்டுக்கு உள்ளே நிற்கிறாள். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்தால் மிக ஒல்லியாகத் தெரியும் காலமே ஐந்து, ஆறு வயதுதான், அதன் பிறகுதான் மறுபடி உடம்பு வைக்கும். கோட்டுக்கு மிக அருகில் நிற்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். கீழே இறங்கினால் மட்டும் யோசிக்கலாம். கிளினிக் கொப்பியின் வளர்ச்சி வளைவுகளையும் எடுத்துப் பாருங்கள். பிறந்த காலத்திலிருந்து ஒரே கோட்டுப் பாதையில் வந்திருந்தால் அது அவளுடைய உடல்வாகு. திடீரென்று கோடு சரிந்திருந்தால் அந்த இடத்தை வைத்தியருக்குக் காட்டுங்கள்.

டின் வேண்டாம். கடலுக்குப் போகிறவர் வீட்டில் சூடையும் நெத்தலியும் இருக்கும்போது டின் எதற்கு? மீனும், முட்டையும், பருப்பும், முருங்கையிலைச் சுண்டலும் போதும். சுண்டலுக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள், கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள், தேநீர் அந்தச் சத்தைச் சேர விடாது. பின்னேரத்தில் பசியோடு வரும்போது முதலில் சோற்றைக் கொடுங்கள், பிஸ்கட்டை அல்ல.

கேள்வி கேட்டவர்: அன்புவழிபுரம் தாய்

கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மறுபடி எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பரிசோதனை நடந்தது. கண் இரண்டும் நன்றாக இருக்கின்றன. எந்தப் பக்கம் என்று கேட்கும் முன்னரே மூன்று விரலை நீட்டினாள். நிறையைப் பற்றி எவரும் ஏசவில்லை, மூன்று மாதத்தில் மறுபடி நிறுக்கச் சொன்னார்கள். இரண்டு பல்லில் சொத்தை உண்டு, பற்சிகிச்சை நிலையத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை போகிறோம். கீழ்த் தாடையின் இடப் பக்கக் கடைசியில் ஆசிரியை சொன்ன அந்த வெள்ளை முனை உண்மையிலேயே இருந்தது.

வைத்தியர் நெஞ்சைக் கேட்டு முடித்து அடுத்த பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது, நான் எழுதி வைத்திருந்த துண்டை நீட்டினேன். கை நடுங்கியது. அவர் வாசித்துவிட்டு, மகளுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவான குரலில் அவளுடைய பெயரைச் சொன்னார். அவள் திரும்பவில்லை. சற்று உரத்துச் சொன்னபோது திரும்பினாள். பிறகு சிறு விளக்குள்ள கருவியால் இரண்டு காதுக்குள்ளும் பார்த்து, காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார். கடிதத்தைப் பைக்குள் போடாமல் என் கையிலேயே வைத்திருந்தேன்.

அந்தக் கிளினிக்குக்கும் போய் வந்துவிட்டோம். இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் இருக்கிறது, பெரும்பாலும் தானாக வற்றும், மூன்று மாதத்தில் கேட்கும் திறனை மறுபடி அளந்து பார்ப்போம், வற்றாவிட்டால் அதற்குச் சிகிச்சை உண்டு என்றார்கள். அதுவரை முகத்தைப் பார்த்து, கிட்ட நின்று பேசச் சொன்னார்கள். வகுப்பாசிரியையிடம் சொன்னேன், அன்றே முதல் வரிசைக்கு மாற்றிவிட்டார். மாமி இப்போது அடுப்படியிலிருந்து அவளைக் கூப்பிடுவதில்லை. எழுந்து வந்து, முன்னால் நின்று, தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேசுகிறார்.